பழைய நம்பர், புதிய நம்பர்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு நம்பர் எழுதியிருக்கிறது. பழைய எண் 14, புதிய எண் 31. சென்னையில் இது சகஜம். யாராவது விலாசம் கேட்டால், "பதினாலுன்னு தேடுங்க. கிடைக்கலைன்னா முப்பத்தொண்ணுன்னு தேடுங்க. ரெண்டும் கிடைக்கலைன்னா பிள்ளையார் கோயில் எதிர்ல இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்க" என்பேன். இதுதான் எங்கள் முழு விலாசம்.

போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, பழைய நம்பரை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் எழுதச் சொன்னேன். பெயின்டர் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு நம்பர் மாறிடுச்சு. உங்களுக்கு லெட்டர் போடறவங்களுக்கு மாறலையே?"

இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெயின்டரை அன்றைக்கே என் மருமகனுக்கு அறிமுகப்படுத்தி வைத்திருந்தால், பின்னால் வந்த பல தொல்லைகள் வந்திருக்காது.

மருமகன் என்றால் அக்கா மகன். வயது இருபத்தாறு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. (அந்தச் சாலைக்கும் புதுப்பெயர் வைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஷேர் ஆட்டோக்காரரிடம் புதுப்பெயரைச் சொல்லிப் பாருங்கள், "அது எங்க சார் இருக்கு?" என்பார்.) நல்ல பையன். வேலையில் கெட்டிக்காரன். ஒரே ஒரு வியாதி உண்டு. பழையதாக எதைப் பார்த்தாலும் மாற்றி எழுத வேண்டும் என்று கை துறுதுறுக்கும்.

என் மாஜி மேலதிகாரி ஒருவர், ரிட்டயரான பிறகு நாலைந்து நண்பர்களோடு சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். ப்ளஸ் டூ முடித்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டுகிற நல்ல காரியம். விண்ணப்பமெல்லாம் இன்டர்நெட் மூலம்தான். அந்த வெப்சைட் மிகப் பழசாகி, போனில் பார்த்தால் எழுத்தெல்லாம் கடுகு மாதிரி தெரிந்தது. "உனக்குத் தெரிஞ்ச பையன் யாராவது இருக்கானாய்யா?" என்று கேட்டார். நான் மருமகனைச் சிபாரிசு செய்தேன். சிபாரிசு என்பது கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போடுவது மாதிரி. போடும்போது பெருமையாக இருக்கும்.

பையன் ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, காலணா வாங்காமல் புதுசாகச் செய்தான். பார்க்க லட்சணமாக இருந்தது. விலாசங்களையும் மாற்றினான். பழைய விண்ணப்பப் பக்கத்தின் விலாசம் 'ஃபார்ம் டாட் பிஹெச்பி, கேள்விக்குறி, ஐடி ஈக்வல் டு ஏழு' என்று முடியும். "அசிங்கமா இருக்கு மாமா" என்று சொல்லி, 'ஸ்காலர்ஷிப், சாய்கோடு, அப்ளை' என்று அழகாக வைத்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றிவிட்டு, எங்கள் வீட்டில் நாலு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனான்.

(வெள்ளிக்கிழமை ராத்திரி எதையும் ஏற்றாதே என்பது கம்ப்யூட்டர்காரர்களின் சகுன சாஸ்திரம். சகுனம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. பார்ப்பவர்கள்தான் இல்லை.)

திங்கட்கிழமை காலை மேலதிகாரியிடமிருந்து போன். ஆம்பூர் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தகப்பனார் ஆபீஸ் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார். அவர் நம்பரை என்னிடம் கொடுத்து, "நீயே பேசுய்யா, உன் மருமகன்தானே" என்றார். ஜாமீன் கையெழுத்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"சார், எம் பொண்ணு ப்ளஸ் டூல அறுநூத்துக்கு ஐநூத்தி அறுபத்திரெண்டு. ஸ்கூல்ல உங்க நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. அதுல போட்டிருந்த அட்ரஸை எழுதிக்கிட்டு வந்துச்சு. சனிக்கிழமையிலேருந்து மூணு வாட்டி பிரவுசிங் சென்டருக்குப் போயிட்டோம். நாட் ஃபவுண்டுன்னே வருது. ட்ரஸ்ட்டை மூடிட்டீங்களா சார்? கடைசித் தேதி வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கே."

மூடிவிட்டீர்களா என்று அவர் கேட்டதில் கோபமே இல்லை. நல்லது எதுவானாலும் ஒருநாள் மூடிவிடுவார்கள் என்று ஏற்கெனவே தெரிந்துவைத்திருப்பவர் மாதிரி கேட்டார். எனக்கு அன்று காபி இறங்கவில்லை.

* * *

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

நீங்கள் ஒரு வெப் விலாசத்தைத் தட்டினால், உங்கள் பிரவுசர் அந்த சர்வரிடம் போய் 'இந்தப் பக்கம் கொடு' என்று கேட்கிறது. சர்வர் பதிலோடு மூன்று இலக்க நம்பர் ஒன்றையும் சேர்த்துத் தரும். 200 என்றால் சரி, இந்தா. 404 என்றால் அப்படி ஒன்றும் இங்கே இல்லை. ஆம்பூர்க்காரருக்கு வந்தது இதுதான்.

இதற்கு நடுவே 300-ல் ஆரம்பிக்கும் ஒரு வரிசை இருக்கிறது. வேறு இடத்துக்குப் போ என்று அனுப்புகிற வரிசை. அதில் 301 என்றால் 'நிரந்தரமாக வீடு மாறிவிட்டார்கள்'. அதோடு 'லொகேஷன்' என்று ஒரு வரியில் புது விலாசமும் வரும். பிரவுசர் ஒரு வார்த்தை பேசாமல் அங்கே போய்விடும். தட்டியவருக்கு வீடு மாறியதே தெரியாது. 302 என்றால் 'தற்காலிகமாக அங்கே இருக்கிறார்கள்'. மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வருவார்கள், அடுத்த தடவையும் இங்கேயே வந்து விசாரி என்று அர்த்தம்.

இந்த நம்பர்களெல்லாம் 1996-ல் வெளியான ஹெச்.டி.டி.பி. 1.0 விதிமுறையிலேயே இருக்கின்றன. மெட்ராஸ், அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனதும் அதே 1996-ல்தான். இரண்டும் தற்செயல் என்றாலும் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

ஆக, பழைய விலாசத்தைத் தட்டினால் புதிய விலாசத்துக்கு அனுப்பும்படி மருமகன் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அவன் எழுதவில்லை. கேட்டதற்கு, "பழைய யுஆர்எல்லை யாரு மாமா யூஸ் பண்ணுவாங்க? முதல் பக்கத்துக்கு வந்து மெனுவைக் கிளிக் பண்ணுவாங்கன்னு நினைச்சேன்" என்றான்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நாம இந்த வீட்டுக்கு மாறினப்போ பால்காரர், பேப்பர் பையன், கேஸ் ஏஜென்ஸி, பேங்க், எல்.ஐ.சி., ஸ்கூல் எல்லாத்துக்கும் சொன்னது நான். உங்க மாமா சொன்னது சீட்டுக் கச்சேரி கோஷ்டிக்கு மட்டும். யார் யார்கிட்ட நம்ம அட்ரஸ் இருக்குன்னு ஒரு லிஸ்ட் போட வேண்டாமாப்பா?"

"அத்தை, அந்த லிஸ்ட் சர்வர் லாக்லயே இருக்கு!" என்று துள்ளி எழுந்தான் மருமகன். உண்மைதான். யார் எந்த விலாசத்தைத் தட்டினார்கள், என்ன பதில் போனது என்று சர்வர் ஒவ்வொன்றையும் ஒரு ஃபைலில் எழுதிவைக்கிறது. அதைப் புரட்டினால், மூன்று நாளில் 404 வாங்கித் திரும்பிப் போனவர்கள் வரிசையாக இருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய ஃபைல்.

* * *

திங்கள் இரவு பையன் செய்த முதல் வைத்தியம்: பழைய விலாசம் எது வந்தாலும் மொத்தமாக முதல் பக்கத்துக்கு அனுப்பிவிட்டான். "இப்ப 404 வராது மாமா."

வராதுதான். ஆனால் தாலுகா ஆபீஸில் பட்டா கேட்டு வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் மெயின் கேட்டில் விட்டுவிட்டு, "ஆபீஸ் இதுதாங்க" என்று சொல்வது மாதிரியான உதவி இது. வந்தவருக்கு எங்கே போவது என்று தெரியாது. கூகுள்கூட இப்படிச் சம்பந்தமில்லாமல் முதல் பக்கத்துக்கு விரட்டினால், 'இதுவும் 404 மாதிரிதான்' என்று கணக்கு வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும், அதற்குச் சமமான புதிய பக்கம் எதுவோ அங்கேதான் அனுப்ப வேண்டும். சமமான பக்கம் இல்லையா? 410 என்று ஒரு நம்பர் இருக்கிறது. 'இருந்தது, எடுத்துவிட்டோம்' என்று நேர்மையாகச் சொல்லும் நம்பர்.

இந்த முதல் தப்பில் ஓர் அதிர்ஷ்டம் ஒளிந்திருந்தது. பையன் அதை எழுதியது ஜாங்கோ என்கிற சட்டகத்தில். அதில் 'ரீடைரக்ட்' என்று சும்மா எழுதினால் 302 போகும். ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ், லாராவெல் எல்லாவற்றிலும் இதே வழக்கம். நிரந்தரம் வேண்டுமென்றால் 'பெர்மனென்ட்' என்றோ 301 என்றோ வாய்விட்டுக் கேட்க வேண்டும். அப்பாச்சி சர்வரிலும் அப்படித்தான். (ரெயில்ஸ் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அதன் ரூட்ஸ் ஃபைலில் எழுதினால் 301 என்றே எடுத்துக்கொள்ளும்.) அனுபவசாலிகள் இப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அது செவ்வாய்க்கிழமை எங்களுக்குப் புரிந்தது.

செவ்வாய் மாலை பையன் லாகைப் பார்த்து முப்பத்தேழு பழைய விலாசங்களைப் பட்டியல் போட்டான். எதிரே முப்பத்தேழு புதிய விலாசங்கள். எல்லாவற்றுக்கும் 301. "இதான் மாமா முறை. கூகுளும் பழைய பக்கத்துக்கு இருந்த மரியாதையைப் புதுசுக்கு மாத்திக் கொடுக்கும்" என்றான். முறைதான். எட்டே கால் மணிக்கு ஏற்றினான். நான் ஆர்வக்கோளாறில் உடனே ஆம்பூருக்குப் போன் செய்து, "இப்பப் பாருங்க சார், சரியாயிடுச்சு" என்று சொன்னேன். பாவம், அவர் மூடப்போன பிரவுசிங் சென்டரைத் திறக்கவைத்துப் பார்த்திருக்கிறார்.

நாட் ஃபவுண்டு.

முப்பத்தேழில் ஒரே ஒரு வரியில் பிழை. 'ஸ்காலர்ஷிப்' என்பதில் ஒரு 'ஹெச்' விட்டுப்போய் 'ஸ்காலர்சிப்' ஆகியிருந்தது. எந்த வரி என்று கேட்கிறீர்களா? இதென்ன கேள்வி, விண்ணப்பப் பக்கம்தான். நாற்பது நிமிஷத்தில் கண்டுபிடித்துத் திருத்திவிட்டான். என் போனில் பார்த்தேன், அழகாக வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன் காலை ஆம்பூரிலிருந்து போன். "இன்னும் அதேதான் சார் வருது. பரவாயில்லீங்க, விடுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

மருமகனைக் கூப்பிட்டேன். உலகத்திலுள்ள எல்லா புரோகிராமர்களும் சொல்கிற அந்த வாக்கியத்தை அவனும் சொன்னான்.

"என் மெஷின்ல வேலை செய்யுதே மாமா!"

* * *

நடந்தது இதுதான். 301 என்று சொன்னால் பிரவுசர் அதை நம்பிவிடுகிறது. நிரந்தரம் என்று சொன்னாயல்லவா, இனி எதற்கு உன்னிடம் வந்து கேட்க வேண்டும் என்று தன் ஞாபகத்தில் எழுதிவைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை பழைய விலாசத்தைத் தட்டினால், சர்வரிடம் போகாமலேயே, தனக்குத் தெரிந்த இடத்துக்கு நேராகப் போய்விடும். இவ்வளவு நாள்தான் ஞாபகம் வைத்துக்கொள் என்று கூடவே 'கேஷ் கன்ட்ரோல்' வரி போட்டு அனுப்பாவிட்டால், ரொம்ப நாளைக்கு விடாது.

பையன் சர்வரில் திருத்தியது வாஸ்தவம். ஆனால் ஆம்பூர் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர், அந்த நாற்பது நிமிஷத்துக்குள் வந்து தப்பு விலாசத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய்விட்டது. திருத்தத்தைச் சொல்லலாம் என்றால், அது திரும்ப நம்மிடம் கேட்க வந்தால்தானே? நம்பினவர்களுக்கு நாம் சொன்ன பொய்யைத் திருத்த வழியில்லாமல் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிரவுசரின் ஞாபகத்தை அழிக்கச் சொல்லலாம். ஓர் ஆளுக்குப் போனில் சொல்லிவிடலாம். அந்த நாற்பது நிமிஷத்தில் வந்த மற்றவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள்?

பையன் தலையைப் பிடித்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருந்தான். அப்புறம் மெதுவாக, "மாமா, அவங்க எங்க போறாங்கன்னு நமக்குத் தெரியும்ல?" என்றான்.

"தெரியும். ஸ்காலர்சிப்புக்கு."

"அப்ப அங்கேயே ஒரு போர்டு வச்சிட்டா?"

அதுதான் மருந்து. பழைய விலாசத்தில் என்ன திருத்தினாலும் அந்தக் கம்ப்யூட்டர் பார்க்காது. ஆனால் தப்பான விலாசத்தைத் தட்டிக்கொண்டு நம்முடைய சர்வருக்குத்தானே வருகிறது? அந்தத் தப்பு விலாசத்திலேயே சரியான பக்கத்துக்கு ஒரு கைகாட்டி வைத்தாயிற்று. பன்னிரண்டு மணிக்கு ஆம்பூரிலிருந்து போன். "வந்திருச்சு சார்! பொண்ணு டைப் பண்ணிக்கிட்டு இருக்குது." பின்னால் யாரோ மெதுவாக, "இனிஷியல் முன்னாடி போடணுமாப்பா, பின்னாடியா?" என்று கேட்பது கேட்டது.

'ஸ்காலர்சிப்' இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதை எடுக்கக்கூடாது என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறான். சில தப்புகளை அழிக்க முடியாது, சோறு போட்டு வளர்க்கத்தான் வேண்டும்.

இந்தத் தப்பு நம் சர்வருக்குள்ளேயே விழுந்ததால் பிழைத்தோம். வேறொருவர் விலாசத்துக்கு 301 போட்டிருந்தால், அங்கே போர்டு வைக்க நமக்கு ஏது அதிகாரம்? ஆகவே ஆபீசில் இந்த வேலை உங்கள் தலையில் விழுந்தால், முதலில் 302 போட்டு நாலு நாள் ஓட்டிப் பாருங்கள். முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு 301. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்க்காதீர்கள்.

* * *

கதை முடியவில்லை. வியாழக்கிழமை மேலதிகாரி கூப்பிட்டார். "ஒவ்வொரு வருஷமும் ஒரு கவர்ன்மென்ட் ஸ்கூல்லேருந்து நாப்பது விண்ணப்பம் வருமேய்யா. இந்த வருஷம் ஒண்ணுகூடக் காணோம்?"

அந்தப் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் டீச்சர். பிள்ளைகளை பிரவுசிங் சென்டருக்கு அலையவிட வேண்டாம் என்று, தானே ஒரு சின்ன புரோகிராம் எழுதி, நாற்பத்திமூன்று பேர் விவரத்தையும் பழைய விலாசத்துக்கு நேராக அனுப்பியிருக்கிறார். புண்ணியவதி. அவரிடம் கேட்டால், "எல்லாம் போயிடுச்சே சார். புதன்கிழமையே அனுப்பிட்டேன். ஒவ்வொண்ணுக்கும் 200, ஓகேன்னு வந்துச்சே" என்கிறார்.

இங்கே இருப்பது இந்த விவகாரத்திலேயே நயவஞ்சகமான குழி. சர்வரிடம் 'ஒரு பக்கம் கொடு' என்று கேட்பதற்குப் பெயர் கெட். 'இந்தா, இதை வாங்கி வைத்துக்கொள்' என்று ஒரு ஃபாரத்தைக் கொடுப்பதற்குப் பெயர் போஸ்ட். போஸ்ட்டாக வந்தவரை 301 போட்டு வேறு இடத்துக்கு அனுப்பினால், பிரவுசர்களும் பல புரோகிராம்களும் கையிலிருந்த ஃபாரத்தைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையோடு போய் 'பக்கம் கொடு' என்று கேட்கும். புது விலாசம் காலி ஃபாரம் ஒன்றைக் கொடுத்து 200, ஓகே என்று சொல்லும். கொடுத்தவர் சேர்ந்தது என்று நினைப்பார். வாங்குகிறவர் வரவே இல்லை என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. நாற்பத்திமூன்று பிள்ளைகள் நடுவில் காணாமல் போயிருப்பார்கள்.

இந்தப் பழக்கம் 1996 விதிமுறையிலேயே 'சில பிரவுசர்கள் இப்படித் தப்பாகச் செய்கின்றன' என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. திருத்துவதற்குப் பதில், வழக்கம்போல, தப்பே வழக்கமாகிவிட்டது. அதனால் புதிதாக இரண்டு நம்பர்கள் கொண்டுவந்தார்கள். 1999-ல் 307, அது தற்காலிகத்துக்கு. 2014-ல் பரீட்சார்த்தமாகவும் 2015-ல் முறையாகவும் 308, அது நிரந்தரத்துக்கு. இந்த இரண்டும் 'வீடு மாறிவிட்டது, கையில் இருப்பதைக் கீழே போடாமல் அங்கே கொண்டு போ' என்று சொல்லும்.

பையன் ஃபாரம் வாங்கும் அந்த ஒரு விலாசத்துக்கு மட்டும் 308 போட்டான். டீச்சர் மறுபடி அனுப்பினார். நாற்பத்திமூன்றும் வந்து சேர்ந்தன.

இதற்குப் பிறகு அவன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. யாரும் சொல்லாமலே பஸ் ஏறிப் போய் மேலதிகாரி முன்னால் நின்று, "சார், வெள்ளிக்கிழமையிலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஆறு நாள் என் தப்பாலதான் பல பேர் திரும்பிப் போயிருக்காங்க. எத்தனை பேர் கோபிச்சுக்கிட்டு விட்டுட்டாங்கன்னு தெரியாது. கடைசித் தேதியைத் தள்ளி வைங்க" என்று சொன்னான். அவர் என் காலத்தில் லீவு லெட்டருக்கே மூன்று நாள் யோசிப்பவர். அன்றைக்கு உடனே ஒரு வாரம் தள்ளிவைத்தார். அந்த ஒரு வாரத்தில், முன்னே 404 வாங்கிய பலர் திரும்பி வந்ததாகக் கேள்வி. வராதவர்கள் கணக்கு எந்த லாகிலும் இல்லை.

* * *

பையன் தப்பு செய்தான் என்று சிரிப்பதற்கு முன்னால் பெரியவர்கள் லட்சணத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் பியூ ஆராய்ச்சி மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வெப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போய்விட்டன. அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்புகளில் ஆதாரமாகக் காட்டியிருந்த வெப் விலாசங்களில் ஏறக்குறைய பாதி, சொன்ன தகவலைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்டப் பேராசிரியர்கள் பத்து வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர் வீடு மாறிப் போய்விட்ட மாதிரி.

வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். விலாசம் தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள், இருநூறு வருஷத்துக்கும் தாங்குகிற மாதிரி விலாசம் வை என்பது அவருடைய வாதத்தின் சாரம். விலாசத்தில் 'பிஹெச்பி' மாதிரி இன்றைய சாமானின் பெயரைச் சேர்க்காதே, நாளை சாமான் மாறும் என்றும் சொல்கிறார். மருமகனின் பழைய வெப்சைட்டைச் செய்தவர் அதைப் படித்திருக்கலாம். மருமகனும் படித்திருக்கலாம்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இந்த ஆறு நாளில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இலவசமாகத் தருகிறேன். மாற்றுவதற்கு முன்னால் லாகைப் புரட்டிப் பட்டியல் எடுங்கள். பழையதற்கும் புதியதற்கும் ஒரு டேபிள் போட்டு டேட்டாபேஸில் வையுங்கள். நாளை ஒரு பக்கத்தின் தலைப்பு மாறினால், பழைய விலாசம் தானாக அந்த டேபிளில் போய் உட்காரும்படி புரோகிராம் எழுதிவிடுங்கள். மனிதன் மறப்பான்.

கேள்விக்குறிக்குப் பின்னால் வருகிற சமாசாரங்கள் கூடவே போகின்றனவா என்று பாருங்கள். சில சர்வர்களில் புது விலாசத்தை நேராக எழுதினால் வால் அறுந்துவிடும். இரண்டாம் தடவை வீடு மாறினால், முதல் விலாசத்தையும் மூன்றாவதுக்கே நேராகத் திருப்புங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு போக்குவரத்து ஆகும். கூகுளின் பூச்சி பத்துத் தாவலுக்கு மேல் வராது. இதுவும் அதுவும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டால், பிரவுசர் கவர்ன்மென்ட் ஆபீசில் இரண்டு சீட்டுக்கு நடுவே அலைகிறவரைப் போல் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டுக் கைவிட்டுவிடும்.

எங்கே அனுப்புவது என்பதை விலாசத்திலேயே யாரும் எழுதி அனுப்பும்படி விடாதீர்கள். திருடர்கள் உங்கள் பெயரைக் காட்டித் தங்கள் கடைக்கு ஆள் பிடிப்பார்கள். கடைசியாக, இந்தக் கைகாட்டிகளைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருங்கள் என்று கூகுள் சொல்கிறது. கூகுளுக்கு ஒரு வருஷம் போதும். பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் காகிதம் அதைவிட நீண்ட நாள் ஒட்டியிருக்கும்.

* * *

போன வாரம் ஆம்பூர்த் தகப்பனாரும் பெண்ணும் இன்டர்வியூவுக்கு வந்தார்கள். முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். விலாசம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். பதினாலு என்று தேடி, அப்புறம் இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டார்களாம்.

இன்டர்வியூ எப்படி என்று கேட்டதற்கு அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. "கேட்டதுக்குச் சொன்னேன் சார்" என்றாள். முடிவு அடுத்த மாதம். மருமகன் அன்றைக்கு வந்திருந்தான். 'ஸ்காலர்சிப்' என்று எழுதிய மகானுபாவர் இவர்தான் என்று நான் அறிமுகப்படுத்த, அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் முதல்ல பார்த்தாரு. ஸ்பெல்லிங் மிஸ்டேக் மாதிரி இருக்கேன்னாரு. பெரிய ட்ரஸ்ட்டு, தப்பா எழுத மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன்."

மருமகன் தரையைப் பார்த்தான்.

கிளம்பும்போது தகப்பனார் டிக்கெட்டை எடுத்து ரயில் நேரம் பார்த்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு 2019-ல் வைத்த நீளமான பெயர் இருக்கிறது. அதற்கு முன்னால் 1996-ல் ஊர்ப் பெயரே மாறியிருக்கிறது. ஆனால் ஸ்டேஷன் கோடு இன்னமும் எம்.ஏ.எஸ்.தான். மெட்ராஸ். போர்டில் பெயரை எத்தனை தடவை எழுதினாலும், எழுதட்டும் என்று விட்டுவிட்டு, உள்ளே ரயில்வேக்காரர்கள் அந்த மூன்று எழுத்தைத் தொடவே இல்லை.

மருமகனிடம் டிக்கெட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இதை எழுதினவர் யாரு?"

"தெரியாதுடா. ஆனா அவருக்கு ஒரு நல்ல பெயின்டரைத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.